‘உங்கள் போனில் வைரஸ்’ என்று வரும் அறிவிப்புகளை நிறுத்துவது எப்படி?

ஞாயிறு காலை ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், பத்திரிகை மேசைக்குப் பக்கத்தில் இருப்பேன். கைத்தொலைபேசியோடும் மடிக்கணினியோடும் அல்லாடுகிறவர்கள் அங்கே கொண்டுவந்து காட்டுவார்கள். சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வந்தார். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த கைத்தொலைபேசியை மேசையில் வைக்கும்போதும் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்தே வைத்தார்.

“தம்பி, இதற்குள் ஐந்து வைரஸ் இருக்கிறதாம். தொடக்கூடாத எதையோ தொட்டுவிட்டேன்” என்றார்.

நிமிர்த்திப் பார்த்தேன். சிவப்பு முக்கோணமும் ஆச்சரியக்குறியுமாக 22 அறிவிப்புகள் வரிசைகட்டி நின்றன. ‘பேட்டரி சேதமடைந்துவிட்டது’, ‘உங்கள் படங்கள் அழியப்போகின்றன’, ‘உடனே சுத்தம் செய்யவும்’ என்று உயிரில்லாத தமிழில் எழுதியிருந்தது. நான் வாசித்து முடிப்பதற்குள் ‘டிங்’ என்று இன்னொன்று வந்தது. ரீச்சர் தோளைக் குறுக்கிக்கொண்டார். இரண்டு வாரமாக இந்தச் சத்தத்துக்குப் பயந்து, கனடாவில் இருக்கும் மகளின் அழைப்பைக்கூட எடுக்காமல் இருந்திருக்கிறார். நகரத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் காட்டியபோது, எல்லாவற்றையும் அழித்துத்தான் சரிசெய்ய வேண்டும், 4,000 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். பேரன் பிறந்த நாளிலிருந்து மகள் அனுப்பிய படங்களெல்லாம் அதற்குள்தான் இருந்தன. அழிக்க மனம் வரவில்லை.

அந்தக் கைத்தொலைபேசியில் ஒரு வைரஸும் இருக்கவில்லை. சில வலைத்தளங்களுக்குத் தவறுதலாகக் கொடுக்கப்பட்ட அனுமதி மட்டுமே இருந்தது. அதைத் திரும்ப எடுக்க மூன்று நிமிடம் போதுமாக இருந்தது. அந்த மூன்று நிமிட வேலையை எல்லோரும் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். காசு கொடுப்பதற்கும் படங்களை அழிப்பதற்கும் முன்னால் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

அந்த அனுமதி எப்படிப் போனது?

இணையப் பக்கங்களைத் திறக்கும் செயலியை உலாவி என்கிறோம். குரோம் என்ற உலாவியின், 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த 42ஆம் பதிப்பிலிருந்து, வலைத்தளங்கள் நம் திரைக்கு நேரே அறிவிப்பு அனுப்பும் வசதி பரவியது. மின்னஞ்சல் வந்திருக்கிறது, கூட்டம் தொடங்குகிறது என்று சொல்வதற்காக உருவான நல்ல வசதி அது. வீட்டுக்குப் பத்திரிகை போடச் சொல்லிச் சந்தா கட்டுவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டால், நீங்கள் கடைப்பக்கம் போகாவிட்டாலும் பத்திரிகை தினமும் காலையில் படலையில் செருகியிருக்கும். அதேபோல, அந்த வலைத்தளத்தை நீங்கள் மூடிவிட்டாலும், பிறகு ஒருநாளும் அந்தப் பக்கம் போகாவிட்டாலும், அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். உலாவி உங்கள் சந்தாவை நினைவில் வைத்திருக்கிறது.

இந்தச் சந்தாவை ஏமாற்றி வாங்குவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அறிவிப்பை நீங்கள் தொடும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்குக் காசு. வைரஸ் என்று பயமுறுத்தி ஒரு செயலியை நிறுவவைத்தால் அதற்குத் தரகு. அதனால்தான் அவ்வளவு சிவப்பு, அவ்வளவு அவசரம்.

எங்கள் ஆட்கள் எங்கே அகப்படுகிறார்கள் என்பதைப் பல ஞாயிறுகளாகப் பார்த்துவருகிறேன். வயதானவர்கள் மரண அறிவித்தல் தேடும்போது. பிள்ளைகள் சாதாரண தர, உயர்தரக் கடந்தகால வினாத்தாள்களைத் தரவிறக்கும்போது. பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில், பரீட்சைத் திணைக்களத்தின் தளம் நெரிசலில் திறக்காமல், தேடலில் வந்த வேறு ஏதோ ஒரு பக்கத்துக்குள் போகும்போது. தொடர் நாடகத்தையோ கிரிக்கெட்டையோ இலவசமாகப் பார்க்கத் தேடும்போது. பாமினி எழுத்துருவைக் கணினிக்கு இறக்கப்போய், பெரிய பச்சை நிற ‘டவுன்லோட்’ பொத்தானை அழுத்தும்போது. அந்தப் பச்சைப் பொத்தான் பெரும்பாலும் விளம்பரம். உண்மையான இணைப்பு அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும்.

அந்தப் பக்கங்களில் வரும் வசனங்கள் சில வகைதான். ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் (அனுமதி கொடு) அழுத்துங்கள்’ என்பது முதலாவது. ‘வீடியோவைப் பார்க்க அலவ் அழுத்துங்கள்’, ‘வயது 18க்கு மேல் என்றால் அலவ் அழுத்துங்கள்’, ‘தரவிறக்கம் தொடங்க அலவ் அழுத்துங்கள்’ என்பவை மற்றவை. இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் உண்மையான சோதனை எதுவும் ‘அலவ்’ என்ற பொத்தானை அழுத்தச் சொல்வதில்லை. வீடியோ ஓடுவதற்கும் அந்தப் பொத்தானுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது சந்தாப் படிவத்தில் கையொப்பம் வாங்கும் பொத்தான்.

தொடங்குவதற்கு முன்: எங்கிருந்து வருகிறது?

தொல்லை மூன்று இடங்களிலிருந்து வரலாம். உலாவியில் கொடுத்த அனுமதியிலிருந்து, கைத்தொலைபேசியில் நிறுவிய ஒரு செயலியிலிருந்து, அல்லது கணினியில் புகுந்த ஒரு நீட்சியிலிருந்தோ (உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல்) மென்பொருளிலிருந்தோ. ஒன்றின் மருந்து மற்றதற்குச் சரிவராது. ஆகவே முதலில் அறிவிப்பைத் தொடாமல் உற்றுப் பாருங்கள்.

கைத்தொலைபேசியில் திரையின் மேல்விளிம்பிலிருந்து விரலால் கீழே இழுத்தால் அறிவிப்புகள் தெரியும். தொல்லை தருவதன் தலைப்பகுதியில், சிறிய சாம்பல் நிற எழுத்தில், அனுப்பியவர் பெயர் இருக்கும். குரோமின் வட்டச் சின்னமும், அருகே ஒரு வலைத்தள முகவரியும் இருந்தால் அது முதல் வகை. ரீச்சரின் கைத்தொலைபேசியில் இருந்ததும் அதுதான்: சின்னம் குரோமுடையது, முகவரியோ அர்த்தமில்லாத எழுத்துகளின் கோவை. பெரிய சிவப்பு எழுத்தையே எல்லோரும் வாசிக்கிறார்கள். அந்தச் சாம்பல் வரியைத்தான் வாசிக்க வேண்டும்.

உலாவியே திறந்திராதபோது, முகப்புத் திரையிலோ பூட்டுத் திரையிலோ முழுத்திரை விளம்பரம் குதித்தால் அது செயலியின் வேலை. கணினியில், போகும் பக்கங்களிலெல்லாம் விளம்பரம் முளைத்தாலோ, தேடுபொறி தானாக மாறிவிட்டிருந்தாலோ அது மூன்றாவது வகை.

அண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் குரோம்

இதுதான் இங்கே பெரும்பாலானவர்களின் சிக்கல் என்பதால் ஆறுதலாகச் சொல்கிறேன். திரையில் உள்ள பெயர்களை ஆங்கில ஒலிப்பில் தருகிறேன். உங்கள் கைத்தொலைபேசி தமிழில் இருந்தால் ‘செட்டிங்ஸ்’ என்பது ‘அமைப்புகள்’ என்றும், ‘சைட் செட்டிங்ஸ்’ என்பது ‘தள அமைப்புகள்’ என்றும், ‘நொட்டிபிகேஷன்ஸ்’ என்பது ‘அறிவிப்புகள்’ என்றும் இருக்கும்.

முதலில் குரோமைத் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். வரும் பட்டியலில் கீழே ‘செட்டிங்ஸ்’ இருக்கும். அதற்குள் போய்க் கீழே நகர்த்தினால் ‘சைட் செட்டிங்ஸ்’. அதற்குள் ‘நொட்டிபிகேஷன்ஸ்’.

இந்தப் பக்கத்தில் மேலே ஒரு பொத்தான் இருக்கும். தளங்கள் உங்களிடம் அனுமதி கேட்கலாமா என்பதற்கான பொத்தான் அது. அதை அணைத்துவிடுங்கள். ஆனால் அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். அந்தப் பொத்தான் புதிதாக யாரும் வந்து கேட்பதை மட்டுமே தடுக்கும். ஏற்கெனவே சந்தா பெற்றவர்கள் கீழே உள்ள பட்டியலில் அப்படியே இருப்பார்கள்.

ஆகவே கீழே ‘அலவ்ட்’ என்ற தலைப்பில் உள்ள பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு முகவரியாகத் தொட்டு, அதன் அறிவிப்பு அனுமதியை அணையுங்கள். ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு பொறிப்பக்கம் உங்களை அடுத்ததற்கும், அது இன்னொன்றுக்கும் தள்ளிவிடும். ரீச்சரின் பட்டியலில் ஆறு இருந்தன. அவற்றில் ஐந்தின் பெயரை அவரால் வாசிக்கவே முடியவில்லை.

எதை வைத்திருக்கலாம் என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம்: கைத்தொலைபேசியில் எந்த வலைத்தளத்துக்கும் இந்த அனுமதி வேண்டாம். வட்ஸ்அப், மின்னஞ்சல், வங்கி எல்லாவற்றுக்கும் தனிச் செயலிகள் இருக்கின்றன. அவை தங்கள் அறிவிப்பைத் தாங்களே தரும். நீங்கள் விரும்பி வாசிக்கும் செய்தித் தளமாக இருந்தாலும், வாசிக்க நேரம் இருக்கும்போது நீங்கள் போய்ப் பாருங்கள்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. வந்த அறிவிப்பைத் தட்டாமல், அதன்மேல் விரலைச் சற்றுநேரம் அழுத்தி வைத்திருங்கள். அந்தத் தளத்தின் அறிவிப்பை அணைக்கும் பொத்தான் வரும். புதிய குரோம் பதிப்புகளில் அறிவிப்பின் கீழேயே ‘அன்சப்ஸ்கிரைப்’ என்ற பொத்தான் இருப்பதையும் காணலாம். இந்தச் சொல் குரோமின் பொத்தானில் இருந்தால் மட்டுமே நம்புங்கள். விளம்பரப் படத்துக்குள்ளேயே ‘நிறுத்து’, ‘மூடு’ என்று வரைந்திருப்பவை எல்லாம் உங்களை உள்ளே இழுக்கும் கண்ணிகள்.

இன்னொரு விடயம். ‘ஹிஸ்ட்ரி எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், அப்படியும் வருகிறது’ என்று அடிக்கடி சொல்கிறார்கள். உலாவல் வரலாற்றை வழக்கமான முறையில் அழித்தால் இந்த அனுமதி அழியாது. இது தள அமைப்புகளுக்குள் தனியாகப் பதிவாகியிருக்கிறது. மேலே சொன்ன பட்டியலுக்குள் போய்த்தான் நீக்க வேண்டும்.

குரோமுக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி நிறுவனத்தின் சொந்த உலாவியைப் பாவிப்பவர்களுக்கும் வழி இதுதான். பெயர்கள் சற்று மாறும். அமைப்புகளுக்குள் தளங்களின் அனுமதிகள் என்ற பகுதியைத் தேடி, அதற்குள் அறிவிப்புகளைத் திறவுங்கள்.

ஐபோன்

வெளிநாட்டுச் சொந்தங்கள் கொடுத்துவிட்டுப் போகும் ஐபோன்களில் இந்தத் தொல்லை குறைவு. 2023இல் வந்த ஐஓஎஸ் 16.4இலிருந்துதான் அங்கே வலைத்தள அறிவிப்பே வந்தது. அதுவும் அந்தத் தளத்தை நீங்களே முகப்புத் திரையில் சேர்த்திருந்தால் மட்டுமே. ஐபோனில் ‘வைரஸ்’ என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கை வந்தால், பெரும்பாலும் நாட்காட்டிக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். ‘கலண்டர்’ செயலியைத் திறந்து, கீழே ‘கலண்டர்ஸ்’ என்பதைத் தொடுங்கள். உங்களுக்குத் தெரியாத பெயரில் ஒன்று இருந்தால், பக்கத்தில் உள்ள வட்டத்துக்குள் ‘ஐ’ எழுத்துக் குறியைத் தொட்டு, சந்தாவை நீக்குங்கள். எச்சரிக்கைகள் அத்தனையும் அதனோடு போய்விடும்.

கணினியில்

விண்டோஸ் கணினியில் இந்த அறிவிப்புகள் வலதுபக்கக் கீழ்மூலையில், விண்டோஸே சொல்வதைப்போல எழும். பெயர்பெற்ற வைரஸ் தடுப்பு மென்பொருளின் சின்னத்தைத் திருடிப் போட்டு, ‘உங்கள் பாதுகாப்பு இன்றோடு முடிகிறது’ என்று எழுதியிருப்பார்கள். இங்கேயும் சிறிய எழுத்தில் உலாவியின் பெயரும் தளத்தின் முகவரியும் இருக்கும். அதுதான் அடையாளம்.

குரோமில் மூன்று புள்ளிகள், ‘செட்டிங்ஸ்’, இடப்பக்கத்தில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘சைட் செட்டிங்ஸ்’, பிறகு ‘நொட்டிபிகேஷன்ஸ்’. இங்கும் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் உண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அழுத்தினால் வரும் தெரிவுகளில் ‘புளொக்’, ‘ரிமூவ்’ இருக்கும். வித்தியாசம் முக்கியம்: ‘ரிமூவ்’ செய்தால் பட்டியலில் இருந்து பெயர் போய்விடும், ஆனால் அந்தத் தளம் மறுபடியும் வந்து கேட்கலாம். ‘புளொக்’ செய்தால் அது மீண்டும் கேட்கவே முடியாது. தொல்லை தந்ததை ‘புளொக்’ செய்யுங்கள்.

எட்ஜ் உலாவியிலும் அமைப்புகளுக்குள் தள அனுமதிகள் என்ற பகுதியில் இதே பட்டியல் இருக்கிறது. பயர்பொக்ஸில் ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ என்று போய், ‘பெர்மிஷன்ஸ்’ பகுதியில் ‘நொட்டிபிகேஷன்ஸ்’ பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்துங்கள். எல்லாத் தளங்களையும் ஒரே அழுத்தில் நீக்கலாம். கீழே, புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் சிறு பெட்டியில் சரி அடையாளம் இடுங்கள். பயர்பொக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா நிறுவனம் 2019இல் ஆராய்ந்தபோது, இப்படி அனுமதி கேட்கும் பெட்டிகளில் நூற்றுக்கு 99ஐ மக்கள் ஏற்பதில்லை என்று கண்டது. 2020 ஜனவரியில் வந்த 72ஆம் பதிப்பிலிருந்து அந்தப் பெட்டி தானாகத் திறப்பதையே நிறுத்திவிட்டது. எங்கள் வீட்டுக் கணினியில் நான் பயர்பொக்ஸ் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

செயலி செய்யும் வேலையாக இருந்தால்

இது முந்தியதைவிடக் கொஞ்சம் கடினம். விளம்பரம் எந்தச் செயலியிலிருந்து வருகிறது என்று அது சொல்லாது. டோர்ச் லைட், கியூஆர் வாசிப்பான், சுவர்ப்படம், ‘போனை வேகமாக்கும்’ செயலி, ‘குப்பை நீக்கும்’ செயலி போன்ற சிறு பொருள்களுக்குள் அது ஒளிந்திருக்கும். சில செயலிகள் நிறுவியதும் தம் சின்னத்தையே முகப்பிலிருந்து மறைத்துவிடும்.

அதைப் பிடிக்கும் முதல் வழி: முழுத்திரை விளம்பரம் வந்த அந்த நொடியில், அதை மூடாமல், அண்மையில் திறந்த செயலிகளைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். விளம்பரம் ஓர் அட்டையாகச் சுருங்கும். அதன் தலையில் எந்தச் செயலியின் சின்னம் இருக்கிறதோ, அதுதான் குற்றவாளி. இந்த ஒரு வழியே பலருக்குப் போதுமாக இருக்கிறது.

அதில் பிடிபடாவிட்டால், கைத்தொலைபேசியின் பொது ‘செட்டிங்ஸ்’ உள்ளே செயலிகள் பகுதியில், மற்றச் செயலிகளின்மேல் தோன்றும் அனுமதியைத் தேடுங்கள். ‘டிஸ்பிளே ஓவர் அதர் அப்ஸ்’ அல்லது ‘அப்பியர் ஒன் டொப்’ என்று இருக்கும். வட்ஸ்அப், பேஸ்புக் மெசஞ்சர் போன்றவற்றுக்கு இது இருப்பது இயல்பு. ஒரு டோர்ச் லைட்டுக்கு ஏன் இந்த அனுமதி?

மூன்றாவது, ‘சேஃப் மோட்’. மின்பொத்தானை அழுத்தி, ‘பவர் ஓஃப்’ என்று வரும்போது அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருங்கள். பெரும்பாலான அண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளில் ‘சேஃப் மோட்’ என்று கேட்கும். ஒப்புக்கொண்டால், நீங்கள் பின்னர் நிறுவிய செயலிகள் எதுவும் ஓடாமல் கைத்தொலைபேசி மீண்டும் தொடங்கும். அரை மணி நேரம் அப்படியே வைத்துப் பாருங்கள். விளம்பரம் நின்றுவிட்டால், நிறுவிய செயலி ஒன்றுதான் காரணம் என்பது உறுதி. தொல்லை தொடங்கிய நாளுக்குச் சற்று முன்னால் நிறுவியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். மறுபடி சாதாரண நிலைக்கு வர, அணைத்துப் போட்டால் போதும்.

நீக்கும் பொத்தான் மங்கலாக இருந்து அழுத்த முடியாவிட்டால் மிரள வேண்டாம். அந்தச் செயலி தன்னைக் கைத்தொலைபேசியின் நிர்வாகியாக ஆக்கிக்கொண்டிருக்கும். ‘செட்டிங்ஸ்’ உள்ளே பாதுகாப்புப் பகுதியில் ‘டிவைஸ் அட்மின் அப்ஸ்’ என்று தேடி, அந்தப் பதவியை முதலில் பறியுங்கள். பிறகு நீக்கலாம்.

முடிந்ததும் இரண்டு வேலை இருக்கிறது. பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, ‘பிளே புரொடெக்ட்’ என்பதில் ஒரு சோதனை ஓடவிடுங்கள். பிறகு செயலிகள் பகுதியில் ‘இன்ஸ்டோல் அன்னோன் அப்ஸ்’ என்பதற்குள் போய், குரோமுக்கும் வட்ஸ்அப்புக்கும் கோப்பு பரிமாறும் செயலிகளுக்கும் அந்த அனுமதியை அணையுங்கள். பிளே ஸ்டோருக்கு வெளியேயிருந்து வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்புகள் இந்த வாசலால்தான் நுழைகின்றன. ‘புதுப்படம் பார்க்கும் செயலி’ என்று குடும்பக் குழுவில் யாராவது அனுப்பினாலும், அனுப்பியவர் சொந்த மைத்துனராக இருந்தாலும், நிறுவாதீர்கள். அவரும் ஏமாந்துதான் அனுப்பியிருப்பார்.

கணினிக்குள் புகுந்த விளம்பர மென்பொருள்

இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டோ, உரிமத்தை உடைத்துத் தரும் ‘கிராக்’ கோப்போடோ இவை வரும். முதலில் உலாவியின் மூன்று புள்ளிகளுக்குள் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ பகுதியைத் திறந்து, நீங்கள் சேர்க்காத நீட்சிகளை நீக்குங்கள். பிறகு விண்டோஸ் ‘செட்டிங்ஸ்’, ‘அப்ஸ்’ என்று போய், நிறுவிய திகதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளில் என்ன வந்தது என்று உடனே தெரியும்.

அதன் பிறகு குரோம் அமைப்புகளில் ‘ரீசெட் செட்டிங்ஸ்’ என்பதைச் செய்யலாம். முகப்புப் பக்கமும் தேடுபொறியும் பழைய நிலைக்கு வரும், நீட்சிகள் முடக்கப்படும். உங்கள் புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அழியாது. பயமில்லாமல் செய்யுங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்’, ‘ஸ்கான் ஒப்ஷன்ஸ்’ என்று போனால் முழுச் சோதனையும், ‘டிபெண்டர் ஒப்லைன்’ சோதனையும் இருக்கின்றன. இரண்டாவது, கணினியை அணைத்துத் தொடங்கி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும். ஏறக்குறைய 15 நிமிடம் எடுக்கும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். விளம்பர மென்பொருளுக்கென்றே உள்ள ‘அட்வ் கிளீனர்’ என்ற இலவசக் கருவியும் நல்லது. 2016 முதல் மால்வெயார்பைட்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

நீக்கிய நீட்சி இரண்டு நாளில் திரும்ப வந்ததாக ஒரு மாணவி சொன்னார். தேடிப் பார்த்ததில், அவருடைய அண்ணாவின் மடிக்கணினியிலும் அதே கூகுள் கணக்கு திறந்திருந்தது. அங்கே இருந்த நீட்சி, கணக்கு வழியாக இங்கே மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே கணக்கைப் பல கருவிகளில் பாவிப்பவர்கள் எல்லாக் கருவிகளிலும் ஒரே நாளில் நீக்க வேண்டும்.

திரை உறைந்து, சைரன் ஒலித்தால்

சில பக்கங்கள் திரை முழுவதையும் பிடித்துக்கொண்டு, அபாயச் சங்கு ஊதி, ‘கணினியை அணைக்காதீர்கள், இந்த இலக்கத்தை அழையுங்கள்’ என்று சொல்லும். அந்த இலக்கத்தை அழைக்காதீர்கள். உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி இலக்கம் இருக்காது. கணினியில் ‘எஸ்கேப்’ விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் ‘கன்ட்ரோல்’, ‘ஷிப்ட்’, ‘எஸ்கேப்’ மூன்றையும் ஒன்றாக அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியைத் தெரிந்து நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் அண்மைச் செயலிகளுக்குப் போய் உலாவியைத் தள்ளிவிட்டால் முடிந்தது.

இப்போது இதைவிட மோசமான ஒன்று வந்திருக்கிறது. மனிதர்தானா என்று சோதிப்பதாகச் சொல்லி, ‘விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்’ என்று படிப்படியாகச் செய்யச் சொல்லும். செய்தால், அந்தப் பக்கம் முன்கூட்டியே நகலெடுத்து வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே ஓடவிட்டவர் ஆவீர்கள். அது கடவுச்சொற்களைத் திருடும் நிரலை இறக்கிவிடும். வீட்டில் கணினி பாவிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். ‘விண்டோஸ் விசையும் ஆரும்’ என்று எந்த வலைத்தளம் சொன்னாலும் உடனே மூடிவிட வேண்டும்.

ஏற்கெனவே தொட்டுவிட்டால்

அறிவிப்பைத் தொட்டு, ஒரு பக்கம் திறந்து, அதை மூடிவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அட்டை இலக்கத்தையோ, வங்கி அனுப்பிய ஒருமுறைக் குறியீட்டையோ, கடவுச்சொல்லையோ கொடுத்திருந்தால் கதை வேறு. அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்தில் வங்கியை உடனே அழைத்து, அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் பேஸ்புக்குக்கும் வைத்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். திரையில் உள்ளதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நமக்கு இருக்கிறது. இலங்கைக் கணினி அவசர ஆயத்தக் குழுவுக்கும் அறிவிக்கலாம். ‘வீட்டில் ஏசுவார்கள்’ என்று மறைத்துவைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அம்மாவோ அப்பாவோ வந்து சொன்னால் முதலில் ஏசாமல் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீடியோ அழைப்பில் இதைச் செய்துகொடுக்கலாம். வட்ஸ்அப் வீடியோ அழைப்பில் திரையைப் பகிரும் வசதி இருக்கிறது. ‘செட்டிங்ஸுக்குப் போங்கள், இப்போது கீழே தள்ளுங்கள்’ என்று ஒவ்வொரு தொடுகையாகச் சொல்லுங்கள். நீங்கள் செய்து முடிக்காமல் அவர்களைக் கொண்டே செய்வியுங்கள். ஆனால் அழைத்தவர் குரலும் முகமும் தெரிந்த உங்கள் பிள்ளைதான் என்றால் மட்டுமே திரையைப் பகிர வேண்டும் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் விளம்பரம் குதித்தால் மட்டும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கும் ‘பெக்டரி ரீசெட்’ பற்றி யோசியுங்கள். அதற்கு முன் படங்களையும் காணொளிகளையும் ஒரு கணினிக்கோ கூகுள் போட்டோஸுக்கோ நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். வட்ஸ்அப் உரையாடல்களைத் தனியாகக் காப்பெடுங்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அது இல்லாமல் அழித்தால் கைத்தொலைபேசி திறக்காமலே போகலாம். மீண்டும் அமைக்கும்போது பழைய செயலிகள் எல்லாவற்றையும் திரும்ப இறக்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, தேவைப்படுவதை ஒவ்வொன்றாகப் பிளே ஸ்டோரிலிருந்து நீங்களே நிறுவுங்கள். எல்லாவற்றையும் திரும்ப இறக்கினால், துரத்திய செயலியும் அந்தக் கூட்டத்தோடு உள்ளே வந்துவிடும்.